தூரிகை ஏந்திய கைம்மா

யானைக்குத் தமிழில் பெயர்கள் பல. களிறு, பிடி, வேழம், கரி, தும்பி என அவை நீண்டு செல்லும். அவற்றுள் ‘கைம்மா’ என்னும் பெயர் தனிச் சிறப்புடையது. மா என்பது விலங்கு. கைம்மா எனின் கையை உடைய விலங்கு என்பது பொருள். துதிக்கை மூக்கின் நீட்சியேயாயினும், அது செய்யும் தொழிலை நோக்கி, நம் முன்னோர் அதனைக் கை என்றே வழங்கினர். அக்கை பெருமரத்தைப் பெயர்க்கவும் வல்லது. தரையிற் கிடக்கும் சிறு காசை எடுக்கவும் வல்லது. எலும்பு ஒன்றேனும் இன்றித் தசையே வடிவாய் அமைந்த அக்கையில் ஒரு தூரிகையைக் கொடுத்தால் என்ன நிகழும்? அவ்வாறு கொடுத்துப் பார்த்தோர் உளர். யானை எழுதிய படங்களை விற்று, அதனால் வந்த பொருளைக் கொண்டு யானை இனத்தைக் காக்க முனைந்தோரும் உளர். அவ்வரலாற்றையே இன்று நேயர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

கேட்ட அளவில் நகைப்பை விளைக்கும் செய்தி இது. ஆயினும் நகைத்து விட்டுவிடுவதற்குரியதன்று. ஒரு விலங்கின் உழைப்பைக் கொண்டே அவ்விலங்கைக் காத்தல் கூடுமா, கூடுமெனின் எந்த எல்லை வரையில் அது முறையாகும் என்னும் வினா இதன் உள்ளே இருக்கின்றது. அவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின் கதையை முதலிலிருந்து கூற வேண்டும்.

கதை யானையில் தொடங்கவில்லை, குரங்கில் தொடங்குகின்றது. இலண்டன் மாநகரத்து விலங்குக் காட்சிச்சாலையில் காங்கோ என்னும் ஆண் சிம்பன்சி ஒன்று வளர்ந்தது. அது பிறந்த ஆண்டு 1954. அதற்கு இரண்டு வயது ஆனபொழுது, டெஸ்மண்டு மாரிஸ் என்னும் விலங்கியல் அறிஞர் அதன் முன் ஓர் அட்டையை வைத்து எழுதுகோல் ஒன்றைக் கொடுத்தார். அது ஒரு கோட்டை இழுத்தது, கோட்டை வியப்போடு நோக்கியது, மீண்டும் இழுத்தது. பின்னர் வண்ணமும் தூரிகையும் அதற்குக் கிடைத்தன. ஏறத்தாழ ஈராண்டுக் காலத்தில் 400 படங்கள் வரையில் அது எழுதிற்று. விசிறியை விரித்தாற்போலக் கோடுகளைப் பரப்புவது அதற்கு மிக விருப்பமான முறை. தாளின் ஒரு பக்கத்தில் மாரிஸ் ஓர் அடையாளம் இட்டுவைத்தால், மறுபக்கத்தில் தான் ஒன்றை இட்டு நிறை சமன் செய்யும் இயல்பும் அதனிடம் காணப்பட்டது.

இவற்றினும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. படம் முடிந்ததா, முடியவில்லையா என்பதைக் காங்கோ தானே முடிவு செய்தது. முடியுமுன் தாளை எடுத்துக்கொண்டால் கூச்சலிட்டுச் சினந்தது. முடித்துவிட்ட பின்னர், இன்னும் எழுது என்று வற்புறுத்தினாலும் எழுதுகோலைத் தொட மறுத்தது. தூரிகையைக் கீழே வைக்கும் உரிமை அதற்கு இருந்தது. நேயர்கள் இச்செய்தியை மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றேன். பின்னர் வரும் யாவற்றையும் அளப்பதற்கு இதுவே அளவுகோலாகப் பயன்படும்.

1957-ஆம் ஆண்டு இலண்டனில் தற்காலக் கலைக் கழகம் காங்கோவின் படங்களைக் காட்சிக்கு வைத்தது. அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரத்தில் வாழ்ந்த பெட்ஸி என்னும் பெண் சிம்பன்சி விரல்களால் தீட்டிய படங்களும் அவற்றோடு இடம்பெற்றன. ஏளனம் செய்தோர் பலர்; விலை கொடுத்து வாங்கியோரும் பலர். ஓவிய மேதை பிக்காசோவிடம் காங்கோவின் படம் ஒன்று இருந்தது என்பர். காங்கோ 1964-இல் என்புருக்கி நோயால் மறைந்தது. அது மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 2005-இல், அதன் படங்கள் மூன்று இலண்டனில் ஏலத்திற்கு வந்து 14,400 பவுனுக்கு விலைபோயின.

மாரிஸ் 1962-இல் தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். அதில் அவர் குறிப்பிடும் சோதனை ஒன்று நம் பொருளுக்கு இன்றியமையாதது. படம் எழுதினால் தின்பண்டம் என்று ஒரு மனிதக் குரங்கிற்குப் பழக்கிப் பார்த்தனர். விளைவு என்ன? அதுகாறும் ஆர்வத்தோடு எழுதி வந்த அவ்விலங்கு, கோடுகளில் கருத்துச் செலுத்துவதையே விட்டுவிட்டது. ஏதோ ஒரு கிறுக்கல். உடனே கையை நீட்டுதல். இவ்வளவில் முடிந்தது அதன் கலை. பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்றவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஓவிய வகுப்பில் தாளின் மேல் கவிழ்ந்து தன்னை மறந்து எழுதும் சிறுவன், மதிப்பெண்ணுக்காக எழுதத் தலைப்பட்டவுடன் பக்கத்து மாணவனின் தாளை எட்டிப் பார்ப்பதை எந்த ஆசிரியர் கண்டதில்லை?

இனி யானைகளிடம் வருவோம். நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரத்து விலங்குக் காட்சிச்சாலையில் சிரி என்னும் ஆசியப் பெண் யானை இருந்தது. அது கூழாங்கல்லைத் துதிக்கையால் எடுத்துத் தரையில் கீறுவதை அதன் காப்பாளர் டேவிட் குக்வா கண்டார். எவரும் கற்பிக்காது, எவரும் ஏவாது, தானாகவே செய்த செயல் அது. 1980-களின் தொடக்கத்தில் அவர் அதற்குத் தாளும் எழுதுகோலும் கொடுத்தார். யானை வரைந்த கோடுகளைத் தொகுத்து, செய்தியாளர் ஒருவரோடு இணைந்து 1985-இல் நூலாகவும் வெளியிட்டார். வில்லம் டி கூனிங் போன்ற புகழ்பெற்ற ஓவியரும் அக்கோடுகளைப் பாராட்டினார்.

அடுத்து வந்தது ரூபி. தாய்லாந்தில் பிறந்து, குட்டிப் பருவத்திலேயே அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரம் சேர்ந்த யானை அது. குச்சியைக் கொண்டு மண்ணில் கோடு கிழிப்பது அதன் பொழுதுபோக்கு. 1987-இல் அதன் காப்பாளர்கள் அதற்கு வண்ணங்களைப் பழக்கினர். ரூபியின் படங்களை வாங்கப் பெருஞ்செல்வர்கள் போட்டியிட்டனர். வந்த பணம் காட்சிச்சாலையின் விலங்குப் பாதுகாப்புப் பணிகளுக்குச் சென்றது. விலங்கு எழுதிய படத்தை விற்று விலங்கைக் காக்கலாம் என்னும் எண்ணம் பரவலாக வேரூன்றியது ரூபியின் காலத்திலேயே எனலாம். 1998-இல், கருவுற்றிருந்த நிலையில் ஏற்பட்ட நோயினால் ரூபி இறந்தது.

இந்நிலையில், ரூபி பிறந்த தாய்லாந்து நாட்டில் யானைகளின் நிலை என்னவாக இருந்தது என்பதைக் காண வேண்டும். அந்நாட்டில் யானை நெடுங்காலமாக உழைப்பாளி. போரில் உழைத்தது, பின்னர் தேக்கங்காடுகளில் மரம் இழுத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் இலட்சம் வரையில் வளர்ப்பு யானைகள் அங்கு இருந்ததாக மதிப்பிடுவர். வாகனங்களும் பொறிகளும் வந்தபின் அத்தொகை சில ஆயிரங்களாகச் சுருங்கியது. எஞ்சியவற்றிற் பல, மரம் வெட்டும் தொழிலை நம்பியே வாழ்ந்தன. வெட்டப்பட்ட காடு மலைச்சரிவுகளை மொட்டையாக்கியது. 1988 நவம்பரில் தென் தாய்லாந்தில் பெருமழை பொழிந்தபொழுது, சரிவிலே கிடந்த மரங்களும் மண்ணும் வெள்ளத்தோடு உருண்டு வந்து சிற்றூர்களை மூடின. நூற்றுக்கணக்கான மக்கள் மாண்டனர். அதன் விளைவாக, 1989 சனவரியில், இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை அரசு அடியோடு தடை செய்தது.

காட்டைக் காக்கும் நற்சட்டம் அது, ஐயமில்லை. ஆயின் அச்சட்டத்தால் ஒரே நாளில் வேலை இழந்தவை யானைகளும் அவற்றின் பாகர்களுமே. நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி கேட்கும் ஓர் உயிரை, கூலி இல்லாத பாகன் எங்ஙனம் காப்பான்? திருட்டுத்தனமாக மரம் வெட்டுவோரிடம் சில யானைகள் சென்றன. சில, சுற்றுலா முகாம்களை அடைந்தன. இன்னும் சில, பாங்காக் மாநகரத்துக் கடைத்தெருக்களில், பேருந்துகளுக்கும் புகைக்கும் நடுவே, வாழைப்பழத்திற்காகப் பாகரோடு கையேந்தி நின்றன. காட்டைக் காத்தபொழுது காட்டின் அரசு தெருவிற்கு வந்தது. ஒன்றைக் காக்கும் சட்டம் மற்றொன்றை மறந்தால் விளைவது இதுவே.

இத்துன்பத்தைக் கேள்வியுற்ற இருவர், நகைச்சுவையும் இரக்கமும் கலந்த ஒரு வழியைக் கண்டனர். அவர்கள் விதாலி கோமர், அலெக்சாண்டர் மெலாமிட் என்னும் உருசிய ஓவியர்கள். மாஸ்கோவில் பிறந்த இவர்கள், அரசு விதித்த முறையில் எழுத மறுத்தவர்கள். 1974-இல் மாஸ்கோவின் புறநகரில் ஒரு வெற்றிடத்தில் இவர்களும் நண்பர்களும் நடத்திய ஓவியக் காட்சியை, புல்டோசர்களை ஏவி அரசு கலைத்தது. பின்னர் நாட்டை விட்டு வெளியேறி, 1978-இல் நியூயார்க் சேர்ந்தனர். 1995-இல் ஒகையோ மாநிலத்தின் டொலிடோ காட்சிச்சாலையில் ரெனீ என்னும் யானையோடு சேர்ந்து ஒரு படம் தீட்டினர். அதன்பின் அவர்களுக்குத் தோன்றிய எண்ணம் இது: வேலையிழந்த யானைகளுக்குப் புதியதொரு தொழிலைக் கற்பித்தால் என்ன?

1998-இல் இருவரும் தாய்லாந்து சென்றனர். வடபகுதியில் லம்பாங் என்னுமிடத்தில் உள்ள அரசு யானைப் பாதுகாப்பு மையத்தில் பாகர்களுக்கும் யானைகளுக்கும் தூரிகைப் பயிற்சி தொடங்கிற்று. துதிக்கை நுனியில் பற்றுவதற்கேற்பக் குறுக்குக் கட்டை பொருத்திய தூரிகைகள் செய்யப்பட்டன. வண்ணத்தைத் தோய்த்துக் கொடுப்பவன் பாகன். தாளின்மேல் வீசி இழுப்பது யானை. பின்னர் இந்தோனேசியாவிலும் நம் அண்டை மாநிலமாகிய கேரளத்திலும் இம்முயற்சி நடைபெற்றது. 2000-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நியூயார்க் நகரத்துக் கிறிஸ்டீஸ் ஏலக்கூடத்தில் இப்படங்கள் ஏலமிடப்பட்டன. பேரோவியர்களின் படைப்புகள் விலைபோகும் அக்கூடத்தில் யானையின் வண்ணக் கோடுகளும் விலைபோயின. ஆசிய யானையின் அவலநிலை செல்வர்களின் காதுக்கு எட்டியது.

அதே லம்பாங் மையத்தில் மற்றொரு புதுமையும் பிறந்தது. ஆசிய யானைகளைப் பற்றிப் பேரறிவு பெற்ற ரிச்சர்டு லேர் என்பாரும், டேவ் சோல்சர் என்னும் இசைவாணரும் கூடி, 2000-ஆம் ஆண்டளவில் யானைகளின் இசைக்குழு ஒன்றை அமைத்தனர். யானையின் வலிமைக்கு ஏற்ற பெருமுரசுகளும் மரப்பலகை இசைக்கருவிகளும் செய்யப்பட்டன. தொடங்கவும் நிறுத்தவும் பாகர்கள் குறிப்புக் காட்டினர்; இடையில் எந்தப் பலகையைத் தட்டுவது, எப்பொழுது தட்டுவது என்பது யானையின் விருப்பம். அவர்களுடைய கருவிகளுள் ஒரு சேகண்டி இருந்தது. காட்டில் திருட்டு மரம் அறுத்தவர்களிடமிருந்து பறிமுதல் செய்த வட்ட வாளே அந்தச் சேகண்டி! மரத்தை அறுத்த இரும்பு யானையின் கையில் இசை எழுப்பிற்று. இசைத்தட்டுகளும் வெளிவந்தன.

இதுவரை கூறியவை நன்முயற்சிகள். ஆயின் நன்முயற்சி சந்தைக்கு வந்தபின் என்னவாயிற்று என்பதையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும்.

யானை தன் விருப்பப்படி இழுத்த கோடுகளைச் சுவைப்போர் சிலரே. சுற்றுலாவாக வந்த பெருங்கூட்டம் விரும்பியது பூவை, மரத்தை, யானையே யானையை எழுதும் வியப்பை. முகாம்கள் அவ்விருப்பத்திற்கு இணங்கின. 2008-ஆம் ஆண்டளவில், துதிக்கையில் பூவைத் தாங்கிய யானையின் வடிவத்தை ஒரு யானை தீட்டும் படக்காட்சி இணையத்தின் வாயிலாக உலகெங்கும் பரவியது. கண்டோர் கண்ணீர் மல்கினர். யானைக்குத் தன்னைத் தானே உருவமாகக் காணும் அறிவு உண்டெனப் பேசினர்.

காங்கோவிற்கு எழுதுகோல் கொடுத்த அதே டெஸ்மண்டு மாரிஸ், முதுமைப் பருவத்தில் தாய்லாந்து சென்று இதனை நேரிற் கண்டார். மக்கள் துதிக்கையை நோக்கிக்கொண்டிருக்க, அவர் பாகனின் கையை நோக்கினார். பாகன் யானையின் காதைப் பற்றியிருந்தான். மேலும் கீழுமாக இழுத்தால் நெடுங்கோடு. பக்கவாட்டில் இழுத்தால் கிடைக்கோடு. முன்னோக்கித் தள்ளினால் ஒரு பொட்டு. படம் பாகனுடையது, யானை தூரிகைக்குப் பிடி. ஒவ்வொரு யானையும் நாள்தோறும் ஒரே படத்தையே மீண்டும் மீண்டும் எழுதிற்று. சில முகாம்களில் காதைக் குத்த ஆணியைக் கையில் மறைத்து வைப்பதாகவும், குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கட்டிவைத்து அடக்கியே இப்பழக்கம் ஏற்றப்படுவதாகவும் விலங்கு நலங் கருதுவோர் குற்றஞ்சாட்டினர்.

மற்றொரு செய்தியும் உண்டு. படம் எழுதுதல் அடைபட்ட யானைக்கு மனக்கிளர்ச்சி தருமென்று காட்சிச்சாலைகள் கூறிவந்தன. ஆத்திரேலியாவின் மெல்பர்ன் காட்சிச்சாலை யானைகளை ஆராய்ந்தோர் 2014-இல் தம் முடிவை வெளியிட்டனர். எழுதிய நாளிலும் எழுதாத நாளிலும் யானைகளின் நடத்தையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அடைபட்ட விலங்கின் மனவாட்டத்தைக் காட்டும் செயல்கள் அதனால் குறையவில்லை. பயன் பெற்றவர்கள் பார்த்த மக்களே என்பது அவர்கள் முடிவு.

இங்கு ஓர் ஒப்புமை என் உள்ளத்தில் எழுகின்றது. அரசு விதித்த படத்தை எழுத மறுத்து நாடு துறந்தவர்கள் அவ்விரு உருசியர்கள். அவர்கள் கையளித்த தூரிகையைப் பிடித்த கைம்மாவோ, வாங்குவோர் விதித்த படத்தை எழுதும் நிலைக்கு வந்தது. மறுத்துச் சொல்ல அதற்கு மொழியில்லை. துறந்து செல்லக் காடும் இல்லை.

அவ்வாறாயின் இம்முயற்சி முழுதும் வீண்தானோ? அவ்வாறு கூறுதல் நடுவுநிலை ஆகாது. தெருவில் பசித்து நின்ற யானைக்குத் தீனியும், பாகன் வீட்டு அடுப்பிற்கு அரிசியும் அப்படங்களின் விலையால் கிடைத்தன. பசியோடு இருப்போனிடம் கலையின் தூய்மையைப் பற்றிப் பேசுதல் எளிது, பயனற்றது. குறை வேறிடத்தில் உள்ளது. பார்க்க வருவோரின் பணத்தை மட்டுமே நம்பி ஓர் உயிரினத்தின் வாழ்வை நிறுத்தினால், அவர்கள் வாராத நாளில் அது விழுந்துவிடும். 2020-இல் பெருந்தொற்று நோய் பரவிச் சுற்றுலா நின்றபொழுது, தாய்லாந்து முகாம்கள் பல மூடப்பட்டன. தீனியின்றிப் பாகர்கள் தம் யானைகளை நடத்திக்கொண்டு மலையூர்களை நோக்கித் திரும்பினர். அன்று யானையைக் காத்தவை அவ்வூர்களைச் சூழ்ந்த காடும் புல்லுமே.

விலங்கின் கையில் தூரிகையைக் கொடுக்காமலே, விலங்கிற்காகக் கலை செய்ய இயலுமா? இயலும் என்பதற்குச் சான்று நம் நீலமலையிலேயே உள்ளது. உண்ணிச்செடி என்று நாம் கூறும் முட்புதரை நேயர்கள் அறிவர். அழகுச் செடியென்று கருதி ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிற்குக் கொணர்ந்த அச்செடி, இன்று காடுகளிற் புகுந்து புல்லையும் இளஞ்செடிகளையும் மூடி, யானை முதலிய விலங்குகளின் உணவைக் குறைத்து வருகின்றது. கூடலூர்ப் பகுதியில் வாழும் பணியர், பெட்டக் குறும்பர், காட்டுநாயக்கர், சோலிகர் ஆகிய பழங்குடி மக்கள் இச்செடியின் தண்டுகளை வெட்டி, வேகவைத்துத் தோலுரித்து, இரும்புச் சட்டத்தின் மேல் வளைத்துப் பொருத்தி, உயிர் யானையின் அளவிலேயே யானைகளைச் செய்கின்றனர். ஒவ்வோர் உருவமும் அப்பகுதியில் உலவும் உண்மையான யானை ஒன்றைப் பார்த்துச் செய்தது. பெரிய கொம்பன், தாய்ப்பிடி, குறும்புக் குட்டி என அவற்றின் இயல்பை அம்மக்கள் நன்கு அறிவர். தேயிலைத் தோட்டத்திலும் வீட்டு முற்றத்திலும் நாள்தோறும் அவற்றை எதிர்கொண்டு வாழ்பவர்கள் அல்லரோ?

அவ்வுருவங்கள் 2021-இல் இலண்டன் மாநகரத்துப் பூங்காக்களில் நின்றன. 2024-இல் நூறு யானைகள் அமெரிக்காவை அடைந்து, கீழ்க்கடற்கரையில் உள்ள நியூபோர்ட்டு நகரில் தொடங்கி நகர் நகராகச் சென்றன. விற்ற பொருள் மனிதரும் விலங்கும் ஒருங்கு வாழ்வதற்கான பணிகளுக்குச் செல்கின்றது. செய்தவருக்குக் கூலி கிடைக்கின்றது. வெட்டிய புதர் அளவிற்குக் காட்டிற்கு மூச்சு கிடைக்கின்றது. உருவத்திற்கு முன்மாதிரியாக அமைந்த யானையோ, தன் உருவம் கடல் கடந்து சென்றதை அறியாது, கூடலூர்க் காட்டில் தன் கூட்டத்தோடு மூங்கிலை ஒடித்துத் தின்றுகொண்டிருக்கின்றது.

நேயர்களே! அயல்நாடு செல்வோர் இக்காலத்தில் மிகுந்துள்ளனர். உங்கள் மக்களோ பேரர்களோ ஒரு நாள் யானை முகாம் ஒன்றில் நின்று, யானை எழுதிய பூப்படத்தை விலை கேட்கலாம். அவர்களுக்கு மூன்று வினாக்களைச் சொல்லி அனுப்புங்கள். இப்பணத்தில் யானைக்குச் செல்வது எவ்வளவு என்று கேட்கட்டும். படம் எழுதும்பொழுது துதிக்கையை விட்டுப் பாகனின் கையைச் சற்று உற்றுப் பார்க்கட்டும். யானை எழுத விரும்பாது தூரிகையைக் கீழே போட்டுவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று வினவட்டும். மூன்றாவது வினாவிற்கு, அதனை அதன் போக்கில் விட்டுவிடுவோம் என்னும் விடை கிடைக்குமாயின், அப்படத்தை மகிழ்ச்சியோடு வாங்கலாம். விடை வேறாக இருப்பின், அப்பணத்தை யானைக்குத் தீனி வாங்கித் தரும் இடத்திற்கோ, யானை நடக்கும் வழியைக் காக்கும் பணிக்கோ கொடுக்கலாம். காங்கோ என்னும் அச்சிறு குரங்கு இரண்டு வயதில் பெற்றிருந்த உரிமை, நம் கைம்மாவிற்கும் கிடைக்க வேண்டும்.